சாலையோர மண்ணில் தோட்டம் போடலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு மண் சும்மா கிடக்கிறது. எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அதில் கீரையும் காய்கறியும் போடலாம் என்று கிளம்பியிருக்கிறோம். அனுமதி வாங்க வேண்டுமா? நட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பதில்: கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ரான் ஃபின்லி என்பவர் 2010-இல் தன் வீட்டு வாசலில் இருந்த இதே மாதிரி இடத்தில் காய்கறி போட்டு, நகர நிர்வாகத்திடமிருந்து நோட்டீஸ் வாங்கினார். அவரும் கூட இருந்தவர்களும் விடாமல் நின்றதால் கடைசியில் விதியே தளர்ந்தது என்பது பெரிய விஷயம், ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. முதலில் உங்கள் ஊர் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அடியில் தண்ணீர்க் குழாயும் மின்சார கேபிளும் எங்கே போகின்றன என்பதும் அப்போதே தெரிந்துவிடும், தெரியாமல் கடப்பாரையைப் போடாதீர்கள். தெருமுனையில் முழங்காலுக்கு மேல் வளரும் செடி வேண்டாம், வண்டியில் திரும்புகிறவருக்கு எதிரே ஓடி வரும் குழந்தை தெரியாது.

அப்புறம், கீரை. நான் போட மாட்டேன். பல வருடங்கள் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் மக்கிப் போகிற பொருள் இல்லை, பழைய சாலைகளின் ஓரத்தில் இன்னும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கிறது. டயர் தூளும் பிரேக் தூளும் வேறு தினமும் வந்து படிகின்றன. கீரையிலும் கிழங்கிலும் ஈயம் ஏறுகிற அளவுக்குத் தக்காளி, கத்தரி மாதிரிக் காய்களில் ஏறுவதில்லை. மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் பூச்செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். காய்கறிதான் வேண்டும் என்றால் பாத்தியை உயர்த்திக் கட்டி வெளியிலிருந்து நல்ல மண் கொட்டுங்கள், பறித்ததை நன்றாகக் கழுவுங்கள்.

அந்த மண் கல்லாக இறுகியிருக்கும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் அழுகிவிடும், முதலில் நன்றாகக் கொத்தி மக்கிய எருவைக் கலக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் செய்தும் இந்த மாதிரித் தோட்டங்கள் காய்ந்துபோவது தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல்தான். நடுகிற அன்று எட்டு வீடும் வரும், மூன்றாவது மாத வெயிலில் வாளி தூக்க ஒருவர்தான் மிஞ்சுவார், பாவம், அவரும் சோர்ந்துபோவார். முதலில் பத்தடி நீளத்துக்கு மட்டும் போடுங்கள். எந்தக் கிழமை யார் ஊற்றுவது, எந்த வீட்டுக் குழாயிலிருந்து எடுப்பது என்று முடிவாகும்வரை ஒரு செடிகூட வாங்காதீர்கள்.