காதல் கதைக்குள் குடும்பம் நுழையும்போது: கேள்வி பதில்

குடும்பமே உள்ளே புகுந்து குட்டை குழப்பும் காதல் கதைகளைச் சிரிக்கச் சிரிக்க எழுதுவது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் கதையில் அம்மா, அத்தை, பெரியம்மா மூன்று பேரும் காதலைக் கெடுக்கிறார்கள். படித்தவர்கள் எல்லாம் "சீரியல் மாதிரி இருக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மூன்று பேரும் ஒரே காரணத்துக்காகக் கெடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அது ஒரே ஆள்தான், புடவை மட்டும் மூன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி பயம் கொடுங்கள். போன கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா "உங்க பொண்ணுக்கு இன்னும் அமையலையா?" என்று கேட்டது அம்மாவின் மனசில் முள்ளாக இருக்கிறது. அத்தைக்குத் தன் மகனுக்குக் கேட்க உரிமை இருந்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம். பெரியம்மாவுக்கு வருத்தமே கிடையாது, வேலை இல்லை, அவ்வளவுதான். அவர் ஒரு டப்பா முறுக்கோடு பையனின் அலுவலகத்துக்கே போய் வாசலில் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் அவன் வாடகை, வண்டிக் கடன், சனிக்கிழமை அசைவம் சாப்பிடுவானா என்பது வரை தெரிந்துகொண்டு வந்துவிடுவார். இதில் யாரும் கெட்டவர் இல்லை, எல்லோரும் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். சீரியலுக்குக் கெடுதல் செய்ய ஒரு ஆள் வேண்டும். நமக்கு நல்லது செய்தே படுத்துகிற நாலு பேர் போதும்.

நகைச்சுவை வரவே மாட்டேன் என்கிறது. நான் எழுதும் ஜோக் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது போலவே இருக்கிறது.

முதலில் ஜோக் எழுதுவதை நிறுத்துங்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லியிருக்கிறது: எள்ளல் (கிண்டல்), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பிவிடுவது). புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு மாமியாரின் உடம்பையும் மாமனாரின் கஞ்சத்தனத்தையும் கிண்டல் செய்கிறார்கள். குடும்பக் கதைக்கு மற்ற மூன்றுதான் சோறு போடும்.

கலித்தொகையில் 51ஆவது பாட்டை எடுத்துப் படியுங்கள், கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் வருகிறது. சின்ன வயசில் தெருவில் மணல் வீட்டைக் காலால் கலைத்து, பூமாலையை இழுத்துப்போட்டு, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பயல் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். அம்மா, "கொண்டுபோய்க் கொடு" என்று மகளை அனுப்புகிறாள். அவன் கையைப் பிடிக்கிறான். இவள் "அம்மா, இவன் செய்ததைப் பார்!" என்று கத்திவிடுகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்ததும், "தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான்" என்கிறாள். அம்மா பாவம், அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைக் கொல்வதுபோலப் பார்த்துச் சிரிக்கிறான்.

இதில் ஜோக் என்று ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம். கிடையாது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு உண்மை தெரியும், ஒருவருக்குத் தெரியாது, அந்தத் தெரியாத ஆள் அன்பாக வேறு இருக்கிறாள். சிரிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள், அந்தப் பெண் பொய் சொல்கிற நொடியில்தான் காதல் நமக்குத் தெரிகிறது, காதலும் நகைச்சுவையும் ஒரே வாக்கியத்தில் நடந்துவிடுகிறது. ஒவ்வொரு காட்சியும் எழுதும் முன் ஓரமாக ஒரு தாளில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உதவியான பழக்கம் வேறு இல்லை.

இப்போது எல்லோர் கையிலும் போன். ரகசியக் காதலுக்கு எங்கே இடம்?

இப்போதுதான் நிறைய இடம்! கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த வங்கிக் கணக்குக்கு இன்னமும் அப்பாவின் எண்தான் இருக்கும், ஆகவே இரண்டு காபி, ஒரு பாதாம் கேக் குடித்த தின்ற கணக்கெல்லாம் குறுஞ்செய்தியாக அவர் சட்டைப் பைக்குள் வந்து விழும். அவரும் கேட்க மாட்டார், "காபி எல்லாம் ரொம்பக் குடிக்காதே, தூக்கம் கெடும்" என்று மட்டும் சொல்வார். திருமணத் தளத்தில் மகள் பெயரில் கணக்குத் தொடங்கி மகள் போலவே பதில் எழுதும் அப்பாக்கள் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறிப்போய் அனுப்பிய படத்தை அழிப்பதற்குள் சித்தப்பா பார்த்துவிட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டுவிடுவார். அவர் எதைக் கும்பிட்டார் என்று யோசித்தே ஒரு அத்தியாயம் ஓட்டலாம்.

ஜாதகத்தை வைத்துத் திருப்பம் கொடுக்க நினைக்கிறேன். நம்பும்படி எப்படி எழுதுவது?

விவரம் தெரிந்து எழுதுங்கள். பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு சரியில்லை என்றால் பல வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செவ்வாய் தோஷம் என்பது ஜாதகத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. லக்னத்திலிருந்தும் எண்ணுவார்கள், சந்திரனிலிருந்தும் எண்ணுவார்கள், சிலர் சுக்கிரனிலிருந்தும். அப்படி எண்ணினால் மாட்டாத ஜாதகம் குறைவு, அதனால் விலக்குகளும் ஏராளம். பெண் வீட்டு ஜோசியர் தோஷம் என்பதை மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் நிவர்த்தி என்பார், இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். பிறந்த நேரம் இன்னும் நல்ல இடம். பாட்டிக்குக் கடிகாரம் நினைவில் இருக்காது, "மில்லில் சங்கு ஊதிச்சு, அப்பதான் இவன் அழுதான்" என்பார். எந்தச் சங்கு என்பதில் கல்யாணமே தொங்கும்.

ஆடி, மார்கழி இரண்டையும் மறக்காதீர்கள். ஆனிக்குள் முடிவாகவில்லை என்றால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும், கதைக்குத் தேவையான கெடுவைப் பஞ்சாங்கமே கொடுத்துவிடுகிறது.

சாதி மாறிய காதலை நகைச்சுவையாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பட்டப்பகலில் நடந்த கொலை நமக்கெல்லாம் தெரியும். அப்பா அரிவாளோடு துரத்துகிறார், கால் தடுக்கிக் குளத்தில் விழுகிறார் என்ற காட்சியை என்னால் சிரித்துப் படிக்க முடியாது, நீங்களும் எழுத வேண்டாம். வன்முறையை விளையாட்டாக்காமல், நாகரிகமாகப் பேசும் வீடுகளில் சாதி எப்படி ஒளிந்து நிற்கிறது என்று எழுதுங்கள். "எங்களுக்கு அதெல்லாம் இல்லைங்க" என்று ஆரம்பித்து, "குலதெய்வம் எந்த ஊரு?" என்று வந்து நிற்கும் அந்தப் பேச்சு இருக்கிறதே, அதை அப்படியே எழுதினாலே படிக்கிறவர் நெளிவார், சிரிப்பார், யோசிப்பார்.

சட்டமும் கதைக்கு உதவும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, திருமணப் பதிவு அதிகாரியின் அலுவலகத்தில் அதை ஒட்டி வைப்பார்கள். அங்கே வேறு வேலையாக வரும் மாமா ஒருவர் போதும். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும் என்று ஆக்கிய திருத்தம் 1967இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, அப்படி மாலை மாற்றிக்கொண்ட தாத்தா பாட்டி ஒரு ஜோடியைக் கதையில் வைத்துப் பாருங்கள், பேரனின் காதலுக்கு மட்டும் தயங்குகிற தாத்தா எவ்வளவு நல்ல பாத்திரம்! குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் முடிக்காதீர்கள்.

கடத்திக் கொண்டுபோய்க் கட்டாயத் தாலி கட்டும் நாயகனுக்குத்தான் வாசகர்கள் அதிகம் என்கிறார்களே அக்கா?

இருக்கலாம். எழுதாதீர்கள். பயந்த பெண்ணைக் காதலி என்று காட்டுவது காதலுக்கே செய்யும் துரோகம். நாயகன் ஒருமுறை "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பயந்துகொண்டு நிற்கட்டும், அதில் எவ்வளவு காதல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

வட்டார வழக்கு எவ்வளவு சேர்க்கலாம்?

கேட்டுப் பழகிய வழக்கு என்றால் பேச்சில் தாராளமாக. கேட்காத ஊரின் பேச்சை எழுதி அந்த ஊர்க்காரரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். அழைக்கும் முறையை மட்டும் கவனமாக எழுதுங்கள். பெண்ணின் அப்பா முதலில் "அந்தப் பய" என்பார், அப்புறம் "அந்தத் தம்பி", ஒருநாள் வாய் தவறி "மாப்பிள்ளை". நாவலின் பாதி வளர்ச்சி இதிலேயே நடந்துவிடும்.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து மொய்யும் எழுதிவிட்டு, சாப்பிடாமல் போகட்டும். அந்தக் கோபத்துக்கு மரியாதை கொடுத்தால், அடுத்த கதைக்கு வாசகர்களே அத்தையைக் கேட்பார்கள்.

முதல் அத்தியாயத்தில் எத்தனை உறவினர்களை அறிமுகம் செய்யலாம்?

காதலர்கள் இருவர், அவர்களோடு இன்னும் இரண்டு பேர். பெரியம்மாவை மட்டும் கதவுக்குப் பின்னால் குரலாக வைத்திருங்கள், இரண்டாம் அத்தியாயத்தில் முறுக்கு டப்பாவோடு வரட்டும்.