கவரிங் லெட்டர் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்லுகேன்

நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியிலயும் அப்புறம் திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனியிலயுமா 14 வருஷம் வேலைக்கு ஆள் எடுக்குற சீட்ல இருக்கேன். நல்லா படிச்ச நம்ம ஊர் பிள்ளைங்க, ரெஸ்யூம் கூட வச்சு அனுப்புற இந்த லெட்டர்ல கோட்ட விடுகத பாத்து மனசு கேக்கல, அதான். கேளுங்க.

தக்கலை, பிஇ மெக்கானிக்கல்: அண்ணே, ரெஸ்யூம்லயே எல்லாம் இருக்கே, லெட்டர் எதுக்கு? ப்ராஜெக்ட்டுக்கு ரப்பர் ஷீட் அடிக்குற ரோலர் மெஷின் செஞ்சோம், அத தவிர எக்ஸ்பீரியன்ஸ் ஒண்ணும் இல்ல.

மக்கா, ஒரே ரெஸ்யூம் அம்பது கம்பெனிக்கு போகும், லெட்டர் மட்டுந்தான் இந்த ஒரு கம்பெனிக்குன்னு உக்காந்து எழுதுகது. விளம்பரத்த ரெண்டு தடவ படி, அவங்க கேட்டதுல நீ நிஜமா செஞ்ச ஒண்ணு ரெண்ட மட்டும் எடு. அந்த ரோலர் மெஷின் தான் உன் லெட்டர். கட்டியான ரப்பர் பால ரோலர்ல விட்டப்போ ஷீட் ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா வந்திருக்கும்லா, அத எப்படி கண்டுபிடிச்சிய, இடைவெளிய எப்படி சரி பண்ணினிய, அதுல உன் கை வேல எது, நாலே வரி எழுது. "எனக்கு மெஷின் டிசைன்ல ஆர்வம் உண்டு"ன்னு எழுதினா யாரும் நிக்க மாட்டாங்க, இந்த நாலு வரியில நிப்பாங்க.

மார்த்தாண்டம், நர்ஸ்: ரெண்டு வருஷம் ஐசியூ பாத்திருக்கேன், சவுதிக்கு அப்ளை பண்ணுகேன். ஹார்ட் வொர்க்கிங், சின்சியர்னு எழுதி வச்சிருக்கேன், போதுமா அண்ணா?

போதாது மோளே. எனக்கு வந்த நர்ஸ் லெட்டர்ல முக்காவாசியில அதே ரெண்டு வார்த்த தான் இருந்துது. ஐசியூவுல எத்தன கட்டில், நைட் ஷிஃப்ட்ல உன் பொறுப்புல எத்தன பேரு, வெண்டிலேட்டர் பேஷண்ட தனியா பாத்திருக்கியா, அத எழுது. நர்சிங் கவுன்சில் பதிவு, டேட்டாஃப்ளோ (சர்டிபிகேட் சரிபாக்குறது) எந்த கட்டத்துல இருக்கு, ப்ரோமெட்ரிக் (அங்க நர்ஸ் லைசன்சுக்கு எழுதுக பரீட்சை) முடிச்சாச்சா, எப்ப ஜாயின் பண்ண முடியும், இது நாலும் கடைசி பத்தியில வரணும், ஏன்னா ஆள் எடுக்குறவங்க முதல்ல தேடுகது அதத்தான். பேஷண்ட் பேர மட்டும் எங்கயும் எழுதிராத. இன்னொண்ணு, ஏஜென்ட் வழியா போறதா இருந்தா ஈமைக்ரேட்ங்கிற மத்திய அரசு தளத்துல அவங்க பதிவு இருக்கான்னு பாத்துட்டு பேப்பர குடு.

குளச்சல், பிகாம்: குழந்த பிறந்த பிறகு 5 வருஷம் வேலைக்கு போகல. மகளிர் குழுவுல கணக்கு மட்டும் எழுதுகேன். கேப்ப எப்படி மறைக்க?

மறைக்காண்டாம் தங்கச்சி, தேதிய பாத்தாலே தெரிஞ்சிரும். "குழந்தையை கவனிக்க வேலையை விட்டேன், இப்போ முழு நேரம் வரத் தயார்"னு ஒரே வரி, மன்னிப்பு கேக்குற மாதிரி இழுக்காதீங்க. அப்புறம் அந்த குழு கணக்கு, அத போய் "மட்டும்"னு சொல்லுகியளே! மாசா மாசம் சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் தவண எல்லாத்தையும் ஒரு ரூவா பிசகாம எழுதுகது அக்கவுண்ட்ஸ் வேல தானே. எத்தன பேரு குழு, எத்தன வருஷமா எழுதுகியன்னு சேத்து எழுதுங்க, டேலி (கணக்கு எழுதுக சாஃப்ட்வேர்) மறந்திருந்தா ஒரு மாசம் திரும்ப பழகிட்டு அதையும் சொல்லுங்க.

கருங்கல்: இங்கிலீஷ் சரியா வராது, சாட்ஜிபிடி வச்சு எழுதலாமா?

இலக்கணம் திருத்த தாராளமா வச்சுக்கோ. ஆனா முதல்ல தமிழ்ல, கூட்டுகாரன்ட்ட சொல்லுக மாதிரி பேப்பர்ல எழுது, அத குடுத்து மாத்தச் சொல்லு. வெறும் வேலை பேர மட்டும் குடுத்தா வர்றது எல்லாருக்கும் வர்ற லெட்டர். இன்டர்வியூல அதுல உள்ள ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா நீ தான் முழிக்கணும்.

களியக்காவிளை: யாருக்குன்னு போட? சம்பளம் எழுதணுமா?

பேரு தெரிஞ்சா பேரு, தெரியலன்னா ஹையரிங் மேனேஜர்னு போடுங்க. சம்பளம் அவங்க கேட்டா மட்டும். ஒரு பக்கத்த தாண்டாண்டாம், பிடிஎஃப்ல அனுப்புங்க, ஃபைலுக்கு உங்க பேரையும் வேலை பேரையும் வையுங்க. அனுப்புமுன்ன கம்பெனி பேர ஒரு தடவ வாய்விட்டு வாசிங்க, வேற கம்பெனி பேரோட வந்த லெட்டர் எத்தனையோ நானே ஒதுக்கி வச்சிருக்கேன்.

குலசேகரம்: டிஎன்பிஎஸ்சிக்கும் லெட்டர் வேணுமா?

வேண்டாம், அங்க ஆன்லைன் விண்ணப்பமும் பரீட்சையும் தான்.

தோவாளை: அனுப்பி பத்து நாளாச்சு, ஒரு பதிலும் இல்ல சார்.

அதே மெயிலுக்கு கீழயே ரெண்டு வரி போடுங்க, எந்த வேலைக்கு எந்த தேதியில அனுப்பினேன், இப்பவும் ஆர்வமா இருக்கேன்னு. ஒரு தடவ போதும். அதுக்காக காத்துட்டு இருக்காண்டாம், இன்னைக்கு ராத்திரியே அடுத்த விளம்பரத்த எடுத்து புதுசா எழுத ஆரம்பிங்க.