நூற்றாண்டுப் பள்ளிக்கு வளைவு வேண்டுமா? – டீச்சர் பதில்கள்

(பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: டீச்சர், நான் படித்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நூறு வயது ஆகப்போகிறது. அரசு உதவி பெறும் பள்ளி. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு ஸ்மார்ட் வகுப்பறை கட்டலாம் என்கிறது நிர்வாகம். அதில் கை வைக்காமல் வாசலில் நூற்றாண்டு வளைவு கட்டலாம் என்கிறார்கள் பழைய மாணவிகள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– முன்னாள் மாணவி, தென்காசி மாவட்டம்

பதில்: வளைவு வேண்டாம். கட்டடத்தை முதலில் நல்ல பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். சுவர் உறுதியாக இருந்தால் ஓடு மாற்றி, கரையான் அரித்த சட்டங்களை மட்டும் எடுத்துவிட்டுப் புழங்கலாம். சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சிமென்ட் பூச யாரையும் விடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிச் சுவர் உதிர ஆரம்பித்துவிடும். தாங்காது என்று பொறியாளர் சொன்னால் இடித்துவிடுங்கள். பிள்ளைகள் தலைக்கு மேலே பழம்பெருமை தொங்கக் கூடாது.

உங்கள் பள்ளியின் உண்மையான சொத்து அலுவலக பீரோவில் இருக்கிறது. சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று ஒன்று உண்டே, அதைத்தான் சொல்கிறேன். நான் வேலையில் இருந்தபோது அறுபது வயது தாண்டிய அம்மாக்கள் வயதுச் சான்றுக்காக வருவார்கள். பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது கடைசிப் பத்திதான் கண்ணில் படும்: விலகிய காரணம். ‘திருமணம்’. அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்கும் கீழே ‘மேற்படி’. சில வரிகளில் ‘வீட்டு வேலை’. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எனக்கோ அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவே மனசு வராது. பள்ளியின் வரலாறு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

அதனால் விழாப் பணத்தில் முதல் செலவு அதற்கு ஆகட்டும். பகல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் கூடாது. சுவரை ஒட்டாமல் இரும்பு பீரோவில் வையுங்கள். கண்காட்சியில் வைப்பதானால் பெயரும் சாதிப் பத்தியும் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.

அப்புறம் எதிர்காலம். இந்த விஷயத்தில் நான் சகோதரி சுப்புலட்சுமியிடம்தான் போவேன். 1886-இல் பிறந்து, சிறுவயதிலேயே விதவையாகி, 1911-இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர். எழும்பூரில் ஒரு வீட்டில் சில இளம் விதவைகளை வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். இல்லம் 1915-இல் ஐஸ் ஹவுசுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். நல்ல பெயர் கிடைத்துவிட்டது, இதுவே போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. வயது கூடிய விதவைகளுக்கு அங்கே இடமில்லை என்றதும் 1927-இல் சாரதா வித்யாலயத்தைத் தொடங்கினார். பக்கத்துக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் பள்ளி நடந்தது. உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, வெளியே நிற்பது யார் என்றும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

நீங்களும் அதையே கேளுங்கள். உங்களுடையது பத்தாம் வகுப்போடு முடிகிற பள்ளி. போன வருடம் பத்து முடித்த பெண்களில் பிளஸ் ஒன் போகாதவர்கள் யார் யார்? பஸ் இல்லையா, கேட்ட குரூப் கிடைக்கவில்லையா, வீட்டில் விடவில்லையா? வீடு வீடாகப் போய் விசாரியுங்கள். பதில் பஸ் என்றால் வேன் வாங்குங்கள். குரூப் என்றால் மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு அலையுங்கள். அதற்கு முன்னாள் மாணவிகள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்மார்ட் திரை அடுத்த வருடம் வரட்டும்.

கேள்வி: தமிழ்ப் பெண்களுக்கான பழைய பள்ளி எது?
– வாசகர், காரைக்குடி

பதில்: யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1824-இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கியது. ஆசியாவின் பழைய பெண்கள் உறைவிடப் பள்ளிகளில் ஒன்று. இவர் கணவர் மிரன் வின்ஸ்லோதான் 1862-இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். ஹாரியட் 1833-லேயே இறந்துவிட்டார். பிறகு 1840-இல் வந்த எலைசா அக்னியூ சுமார் நாற்பது ஆண்டுகள், ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல், அங்கேயே பாடம் நடத்தினார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய அந்த ஆரம்ப காலத்தில், படித்து முடித்த பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. இங்கே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 2022-இல்தான் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்கு என்று கொடுத்தது படிப்புக்கு என்று மாற எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, பாருங்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

கேள்வி: டீச்சர், எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பள்ளி வரலாறு பற்றி நான் பேச வேண்டும். எங்கே தேடுவது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: கண்ணு, பழைய ஆண்டு மலரை மட்டும் நம்பாதே, அதில் தாளாளர்களின் படம்தான் இருக்கும். உன் பள்ளியில் படித்த பாட்டி ஒருவரைக் கண்டுபிடி. எத்தனை மைல் நடந்து வந்தார், மத்தியானம் என்ன சாப்பிட்டார், யார் படிக்கவிட்டார், யார் நிறுத்தினார் என்று கேட்டு, அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொள். பள்ளியில் வெகுநாள் வேலை பார்த்த ஆயாம்மாவிடமும் பேசு. தேதிகளை அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள். பேசி முடித்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் நூலகத்தில் கொடுத்துவிடு. எனக்கும் ஒரு நகல் அனுப்பு.