4 லட்சம் பவுண்டுக்கு ஒரு கோணல் 2012

கேள்வி: 2012 லண்டன் ஒலிம்பிக் லோகோவைப் பற்றிப் படித்தேன். உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒட்டிவைத்தது போன்ற அந்த லோகோவுக்கு 4 லட்சம் பவுண்ட் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் என் மகள் அதைவிட நன்றாக வரைவாள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டும் லண்டன்காரர்கள் அசையவில்லை. டோக்கியோவிலோ மக்கள் எதிர்த்ததும் மாற்றினார்கள். மக்கள் பணத்தில் நடக்கும் விழாவுக்கு மக்கள்தானே லோகோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம். எல்லாரும் வழுக்கி விழும் இடம் அதுதான்.

லோகோ வெளியானது 2007 ஜூன் 4 அன்று. அதே ஆண்டு மார்ச்சில், ஒலிம்பிக் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் நாடாளுமன்றத்தில் எழுந்து, போட்டிக்கான அரசுச் செலவு சுமார் 930 கோடி பவுண்ட் ஆகும் என்று அறிவித்தார். 2005-இல் போட்டியை நடத்தும் வாய்ப்பை லண்டன் வென்றபோது சொன்ன கணக்கு சுமார் 240 கோடி. இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! வரியும் லாட்டரி வருமானமும் கலந்த அந்தத் தொகைதான் மக்கள் பணம். லோகோவுக்கான 4 லட்சத்தைக் கொடுத்தது முன்னாள் ஓட்டப்பந்தய வீரர் செபாஸ்டியன் கோ தலைமையிலான அமைப்புக் குழு. அதற்கு வருமானம் பெரும்பாலும் ஸ்பான்சர்களிடமிருந்தும் ஒளிபரப்பு உரிமை, டிக்கெட் விற்பனை ஆகியவற்றிலிருந்தும் வந்தது. சரி, வாதத்துக்காக அதையும் மக்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்வோம். அப்போதும் 930 கோடியோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு லட்சம் பவுண்டுக்கும் லோகோவின் பங்கு 4 பவுண்ட் 30 பென்ஸ்.

இந்த 4 பவுண்ட் 30 பென்ஸுக்கு எதிராகத்தான் ஓரிரு நாளில் 48,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய தொகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், பத்திரிகைகளும் எழுதின. ஆனால் கிழக்கு லண்டனில் பல காலமாகத் தொழிற்சாலைக் கழிவு ஊறிப்போன மண்ணைக் கழுவிச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும், உயர் அழுத்த மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக எவ்வளவு ஆகும் என்று கருத்துச் சொல்வதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். லோகோவைத் திட்டுவதற்குக் கண் இருந்தால் போதும். 930 கோடி மேல் இருந்த எரிச்சலைக் கொட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. இளஞ்சிவப்பு நிறத்தில் அது வந்து சேர்ந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

அந்த 4 லட்சம் ஒரு படத்துக்கான கூலியும் அல்ல. உல்ஃப் ஆலின்ஸ் என்ற நிறுவனம் அதை வடிவமைத்தது. ஒரு ஒலிம்பிக் லோகோ டிக்கெட்டின் மூலையில் நகத்தளவுக்குச் சுருங்க வேண்டும், மைதானச் சுவரில் நாலு மாடி உயரத்துக்கு விரிய வேண்டும், ஒரே நிறத்தில் அச்சடித்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். லண்டன் லோகோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதே வடிவத்தில் வேறு வேறு நிறத்தையும் படத்தையும் நிரப்பிக்கொள்ளலாம். ஸ்பான்சர்கள் தங்கள் நிறத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்கும் ஒரே லோகோ என்பதும் அங்கேதான் முதல் முறையாக நடந்தது. லோகோ என்பது 2012 என்ற எண்தான். அதில் பூஜ்யத்தின் உள்ளே ஒலிம்பிக்குக்கு ஐந்து வளையம் இருக்கும். பாராலிம்பிக்குக்கு வளையத்தை எடுத்துவிட்டு அதன் மூன்று வளைகோட்டுச் சின்னத்தை வைப்பார்கள். உங்கள் மகள் நன்றாக வரைவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இத்தனையும் சொல்லி வரையச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவளே கூலி கேட்பாள்.

இனி பார்த்தவர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்தது என்பதற்கு வருவோம். இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சிலருக்கு அது நாஜிகளின் ஸ்வஸ்திகா உடைந்து கிடப்பது போலத் தெரிந்தது. வேறு சிலருக்கு ஒரு கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள், இந்தப் பக்கத்தில் எழுத முடியாத ஒரு காரியத்தில் ஈடுபட்டிருப்பது போலத் தெரிந்தது. எல்லாரையும் மிஞ்சியது ஈரான். 2011-இல் அந்நாட்டு ஒலிம்பிக் கமிட்டி, லோகோவில் ‘ஸயன்’ (Zion; ஜெருசலேமையும் யூதர்களின் தாயகத்தையும் குறிக்கும் சொல், ஈரானுக்கு ஆகாத இஸ்ரேலை நினைவூட்டுவது) என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாகச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குப் புகார் அனுப்பியது. மாற்றாவிட்டால் போட்டிக்கு வராமல் போகலாம் என்றும் மிரட்டியது.

எப்படிப் படித்திருப்பார்கள் என்று லோகோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். மேல் வரிசையில் 2, 0. கீழ் வரிசையில் 1, 2. நடுவே சின்னதாக ஒரு சதுரம். எல்லாரும் படிக்கும்படி இடமிருந்து வலமாகப் போனால் 2012 வரும். ஸயன் வேண்டுமென்றால் இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்க வேண்டும், பிறகு வலப்பக்கம் ஏறி மறுபடி இறங்க வேண்டும். மேலே உள்ள 2 நின்றபடியே ‘இஸட்’ ஆகிவிடும். 1-க்கு அந்தச் சதுரத்தைப் புள்ளியாக வைத்து ‘ஐ’ ஆக்கலாம். பூஜ்யம் தானாகவே ‘ஓ’. கடைசி 2 மட்டும் பக்கவாட்டில் படுத்தால்தான் ‘என்’. ஒரே எண் மேலே நிற்கிறது, கீழே படுக்கிறது! இவ்வளவு உழைப்போடு அமைப்புக் குழுவின் கணக்கு வழக்கைப் படித்திருந்தால் ஏதாவது உருப்படியாகக் கிடைத்திருக்கும். இது 2012 என்ற எண், வேறொன்றும் இல்லை என்று சர்வதேசக் கமிட்டி பதில் சொல்லிவிட்டது. ஈரானும் போட்டிக்கு வந்தது. கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் மட்டும் மூன்று தங்கம் வாங்கிக்கொண்டு போனது.

லோகோ அழகாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். எழுத்துகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, நிறங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடுகின்றன. குழுவின் மேல் எனக்கும் வருத்தம் உண்டு, ஆனால் அது வேறு. இளைஞர்களைத் தட்டியெழுப்பும், உலகத்தை ஈர்க்கும் என்று வெளியீட்டு விழாவிலேயே அத்தனை ஆரவாரம் செய்திருக்க வேண்டாம். “ஐந்து வருஷம் பலவிதமாகப் பயன்படுத்தப் போகிறோம், அதற்கு வசதியாக இப்படிச் செய்திருக்கிறோம்” என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் பாதிச் சத்தம் அடங்கியிருக்கும். பயன்படுத்தியபோது அது ஒன்றும் மோசமாகவும் இல்லை. ஆக்கி மைதானத்தில் ஆடுகளத்துக்கு நீலம், சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, பந்து மஞ்சள். தொலைக்காட்சியில் பந்து எங்கே போகிறது என்று தேட வேண்டிய அவசியமே வரவில்லை. நம் ஆண்கள் அணி அந்தத் தரையில் ஆடி 12-ஆவது இடத்தில், அதாவது கடைசியில் வந்தது. அந்தப் பழியையாவது லோகோ மேல் போடாமல் விடுவோம்.

டோக்கியோ பற்றி நீங்கள் சொல்வது பாதிதான் சரி. 2015 ஜூலையில் வெளியான அந்த லோகோ, பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. பெல்ஜியத்தில் லியேஜ் நகர நாடகக் கொட்டகைக்குத் தான் செய்த லோகோ போலவே அது இருக்கிறது என்று அங்குள்ள வடிவமைப்பாளர் ஒருவர் புகார் சொன்னார். டோக்கியோ லோகோவை வடிவமைத்த கென்ஜிரோ சானோ மறுத்தார். அமைப்புக் குழுவும் அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் அவருடைய அலுவலகம் வேறொரு விளம்பர வேலையில் மற்றவர்களின் படங்களை எடுத்துப் பயன்படுத்தியது தெரியவந்து, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் மக்கள் நம்பிக்கை போய்விட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி லோகோவைக் கைவிட்டார்கள். ரசனைச் சண்டையும் திருட்டுப் புகாரும் ஒன்றல்ல. லண்டனில் நடந்தது முதலாவது மட்டும்.

பிறகு டோக்கியோவில் பொதுப்போட்டி வைத்தார்கள். 14,599 படங்கள் வந்தன. அதிலிருந்து நாலைப் பொறுக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அவர்கள் கருத்தையும் கேட்டார்கள். முடிவு எடுத்தது மறுபடி ஒரு குழுதான். ஆசாவோ டோகோலோவின் லோகோ தேர்வானது: கருநீலத்தில் 45 செவ்வகங்கள், மூன்றே வகை, அதே 45-ஐ அடுக்கு மாற்றினால் பாராலிம்பிக் லோகோ. கட்டங்களை வைத்து வேலை செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு கலைஞர் போட்டது அது. வாக்குப்பெட்டி வைத்து லண்டனுக்கு லோகோ தேர்ந்தெடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: கடிகார கோபுரம், சிவப்பு பஸ், நடுவில் வளைந்து ஓடும் தேம்ஸ். யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். மக்கள் புகார் சொல்லக் கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். லண்டனிலேயே ஒரு புகார் உடனே எடுபட்டது. லோகோவோடு சேர்த்து ஒரு விளம்பரப் படமும் வெளியிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் நீச்சல் குளத்தில் பாய்வார், பல நிறங்கள் பளிச்சிட்டு அலையடிக்கும். அதைப் பார்த்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்ததாக வலிப்பு நோயாளிகளுக்கான அமைப்பு சொன்னது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி விட்டுவிட்டு மின்னக் கூடாது என்று பிரிட்டனில் ஒளிபரப்பு விதியே இருக்கிறது. அந்தப் படத்தைக் குழு அடுத்த நாளே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. 48,000 கையெழுத்து அதற்குத் தேவைப்படவில்லை.