கேள்வி–பதில்: கிதார் எந்த ஊர் மண்?

கேள்வி: நம்ம ஊர்ப் பையன்கள் குழு ஒன்று, கல்லூரி விழாக்களில் கிதாரும் டிரம்ஸுமாக எல்லோரையும் ஆட வைத்தது. இப்போது வந்திருக்கும் ஆல்பத்தில் கிதாரையே காணோம். லேப்டாப்பில் ஏதோ ரீங்காரம், நடுவில் ஒருவர் தனக்குத்தானே முணுமுணுக்கிறார். மண்ணை மறந்துவிட்டார்கள் என்கிறேன், சரிதானே?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், செல்லூர், மதுரை)

பதில்: கிதார் எந்த ஊர் மண்ணில் விளைந்தது ஐயா, செல்லூரிலா? நேற்றுவரை அவர்கள் வாசித்ததும் கப்பலில் வந்த சரக்குதான். உங்கள் காது அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பழகுவதில் மதுரைக்காரர்களை மிஞ்ச முடியாது. ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிசில் காப்புரிமை வாங்கினார்கள். அது இங்கே வந்து, நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு ராத்திரிக்குப் போடும் ஸ்பெஷல் நாடக மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தது. வாசித்தவரே வள்ளி திருமணத்துக்குப் பின்பாட்டும் பாடினார். இந்தப் பெட்டியில் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பேசாது, நம் இசைக்கு ஆகாது என்று அகில இந்திய வானொலி 1940இல் தடை போட்டது. 1971 வரை உள்ளே விடவில்லை. திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்த சனம் வானொலியிடம் அனுமதி வாங்கிக்கொண்டா ரசித்தது? பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். அந்த ஊர்க்காரர் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' இசைக்குக் கணினியைக் கொண்டுவந்தபோதும் மண் எங்கும் ஓடிப்போகவில்லை.

இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவும் 2000இல் 'கிட் ஏ' ஆல்பத்தில் கிதாரை ஓரங்கட்டியது. அங்கேயும் உங்களைப் போலச் சிலர் திட்டினார்கள். ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. (விற்றதெல்லாம் நல்ல பாட்டு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நம் பையன்கள் மாறியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. டிரம்ஸ் வாசித்தவர் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டார். இன்னும் இரண்டு பேர் சென்னையில். மதுரைச் சந்துக்குள் சுவரோடு சுவராக ஒட்டிய வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு டிரம்ஸ் அடித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு அத்தை என்ன சொல்வார் என்று தெரியும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் உட்கார்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஐந்து பேர் சேர்ந்து கத்திய இடத்தில் இரண்டு பேர் மிஞ்சினால் பாட்டு உள்ளே திரும்பத்தான் செய்யும். ஊரைவிட்டுப் போன நண்பனைப் பற்றி இரண்டாவது பாட்டு இருக்கிறது. அதைக் குத்துத் தாளத்தில் போட்டிருந்தால் நானே எழுந்து போயிருப்பேன்.

சரி, அதற்காக நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. குரலை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று மதுரைத் தமிழுக்கு இஸ்திரி போட்டுவிட்டார்கள். முணுமுணுக்கலாம், ஆனால் முணுமுணுப்பது எந்த ஊர்க்காரன் என்றாவது தெரிய வேண்டாமா?

அப்புறம், நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று. கடைசிப் பாட்டில் உருமி வருகிறது. வளைந்த குச்சி தோலில் தேயும்போது எழும் அந்த உறுமலில் நாலு விநாடியை வெட்டி, லூப் போட்டு, பாட்டு முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள். ஆல்பத்திலேயே நல்ல இடம் அதுதான். வாசித்தவர் யார்? ஆல்பம் விவரத்தில் மென்பொருளின் பெயர்கூட இருக்கிறது, அவர் பெயர் இல்லை. ஸ்பெஷல் நாடக நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டோடு ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், டிரம்ஸும் மற்ற சத்தங்களும் பார்த்துக்கொள்ளும் ஆல்ரவுண்ட் யார் என்று எல்லாம் அச்சாகியிருக்கும்.

பெயர் வேண்டாம் என்று நீங்கள் கேட்டதிலிருந்தே அவர்களோடு டீ குடிப்பவர் என்று தெரிகிறது. அடுத்த முறை டீக்கடையில் மண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த உருமிக்காரருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு, எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.