சவுக்குத் தோப்பு திட்டுத் திட்டாகக் காய்வது ஏன்?

கேள்வி: கடலூர் அருகே ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு ஏக்கரில் நாட்டுச் சவுக்கு வைத்து 3 வருடம் ஆகிறது. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி. புரட்டாசியில் பக்கக் கிளை கழித்தோம். தை மாதத்திலிருந்து நுனி பழுத்து மரம் காய ஆரம்பித்தது. ஒன்று காய்ந்தால் அதைச் சுற்றியுள்ளவையும் போகின்றன. பக்கத்துத் தோப்புகளிலும், தெருவோரப் பழைய மரங்களிலும் இப்படித்தான். கடையில் கொடுத்த பூச்சி மருந்தை இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை. தண்ணீர்க் குறையா, உப்பா, நோயா? மீதி மரங்களைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: மருந்து அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். உப்போ தண்ணீர்க் குறையோ என்றால் மேட்டுப் பகுதி முழுக்க, இல்லையென்றால் ஒரே போர்வெல் தண்ணீர் பாயும் பகுதி முழுக்க, ஒன்றாக வாடும். ஒரு மரத்தைச் சுற்றி வட்டம் போட்டுப் பரவாது. அதுவும் சவுக்கு கடற்கரை மணலிலேயே நிற்கிற மரம். லேசான உப்புக்கெல்லாம் சாகாது. மழைக்கு முன்னால் கிளை கழித்ததும், பிறகு வட்டமாகக் காய்ந்ததும் பட்டைக் கொப்புள நோயைத்தான் காட்டுகின்றன.

தோப்பில் போய் உறுதி செய்துகொள்ளலாம். முழுக்கக் காய்ந்த மரத்தை விட்டுவிட்டு, பாதி மஞ்சளாகி நிற்கும் மரத்தைப் பாருங்கள். நெஞ்சு உயரத்துக்குக் கீழே பட்டை அங்கங்கே உப்பியிருக்கும், வெடித்தும் இருக்கும். உப்பலைக் கத்தி முனையால் கீறினால் உள்ளேயிருந்து கரித்தூள் போலக் கறுப்புப் பொடி விரலில் ஒட்டும். அது ட்ரைக்கோஸ்போரியம் என்ற பூசணத்தின் வித்து. கிளை வெட்டிய காயம், புழு துளைத்த ஓட்டை வழியாக உள்ளே போகும். காற்றில் வித்தாகவும், மண்ணுக்குள் வேரோடு வேர் உரசும் இடத்திலும் பரவும். மூன்றடி இடைவெளியில் எல்லா மரத்து வேரும் பின்னிக்கிடப்பதால்தான் அடுத்தடுத்த மரம் போகிறது.

கறுப்புப் பொடி இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். தண்டில் மரத்தூளும் எச்சமும் சேர்ந்த நூலாம்படை ஓடி, கிளைக் கவட்டில் ஓட்டை இருந்தால் பட்டை தின்னும் புழு. நூலாம்படையைத் துடைத்து, ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்து ஈரமண்ணால் பூசினால் போதும். டைகுளோர்வாஸ் என்ற பூச்சி மருந்தைப் பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். 2020 இறுதியோடு அது தடையாகிவிட்டது. இலை பச்சையாக இருக்கும்போதே மரம் திடீரென்று தொங்கினால் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த நிலத்தில் அடுத்து கத்திரி, தக்காளி, மிளகாய், மணிலா (நிலக்கடலை) எதுவும் வேண்டாம். அவையும் அதே கிருமிக்கு ஆளாகும். பள்ளத்தில் மட்டும் காய்ந்து, வேர்த்தோல் கறுத்து உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேங்கிய கோளாறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை வெள்ளம் நின்ற வயல்களில் இதையும் பார்க்காமல் விடக்கூடாது.

கொப்புளம் வெடித்த மரத்தைத் தேற்றும் மருந்து கிடையாது. தண்டுக்குள் நீர் ஏறும் பாதையையே பூசணம் அடைத்துவிடுகிறது. மேலே அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. காக்க வேண்டியது அடுத்த மரங்களை. நோய் கண்ட மரங்களோடு, வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் இரண்டு வரிசையையும் உள்ளே சேர்த்துச் சுற்றிலும் 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் அகழி வெட்டுங்கள். எடுத்த மண்ணை உள்பக்கமே போட வேண்டும். குறுக்கே வரும் வேர் ஒன்றுகூட அறுபடாமல் இருக்கக்கூடாது. பலர் அரையடி தோண்டிவிட்டுப் பலிக்கவில்லை என்கிறார்கள்.

பிறகு நோய் மரங்களைப் பனி ஈரம் காயாத விடியற்காலையில் வெட்டுங்கள், பொடி பறக்காது. பட்டையை அங்கேயே உரித்து, மிலாறு (சிறு கிளைகள்), தூரோடு சேர்த்து வட்டத்துக்குள்ளேயே எரிக்கவும். பட்டையோடு வண்டியில் ஏற்றினால் வழிநெடுக நோயை விதைத்துக்கொண்டு போவீர்கள். மற்ற மரங்களில் கிளை கழித்த காயம் ஆறாமல் இருந்தால் 10 சத போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்புப் பாத்திரம் கூடாது. அகழிக்கு வெளியே ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து ஈரமண்ணில் தூவலாம். அது தடுப்பு மட்டுமே. இனிக் கிளை கழிப்பதானால் மழைக்காலம் வேண்டாம்.

உங்கள் தோப்புக்கு வயது மூன்று. காகித ஆலைக்கு வெட்டும் பருவம் கிட்டிவிட்டது. கால்வாசிக்கு மேல் நோய் தெரிந்தால் அகழியில் கூலியைக் கொட்டாமல் மொத்தமாக வெட்டிவிடுவதே லாபம். எடை போட்டு விற்கும் சரக்கு. மரம் நின்றபடி காயக் காய டன் குறையும். மறுபடியும் சவுக்குதான் என்றால் தூர்களைப் பிடுங்கிவிட்டு, இந்த நோய் அவ்வளவாகத் தாக்காத ஜுங்குனியானா சவுக்கை ஐந்தடிக்கு ஐந்தடி வையுங்கள்.

தெருவோர மரங்களை இந்தக் கணக்கில் உடனே சேர்க்காதீர்கள். கால்வாய்க்கு வேர் அறுத்ததும், அடிவரை சிமென்ட் போட்டதும் காரணமாக இருக்கலாம். அடித்தூரில் தட்டுக் காளான் முளைத்திருந்தால் கானோடெர்மா வேரழுகல். வீட்டோரம் நின்றால் வெட்டிவிடுவது நல்லது, காற்றில் சாயும்.

சந்தேகம் இருந்தால் பாதி காய்ந்த மரத்திலிருந்து, நல்ல பட்டையும் கெட்ட பட்டையும் சேரும் இடத்தில் கையகலத் துண்டையும் கொஞ்சம் வேரையும் காகித உறையில் போட்டு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டு. பாலித்தீன் பையில் வைத்தால் வியர்த்து, வேறு பூசணம் ஏறிவிடும்.