கைக்கோடரியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

மூன்று நாள் நடைப்பயணத்துக்கு மடக்குக் கத்தி, மடக்கு ரம்பம், கைக்கோடரி மூன்றில் எதை விடுவது என்றும், விறகு பிளக்கும்போது மடக்குக் கத்தி ஏன் மடங்கியது என்றும் கேட்டிருந்தீர்கள். விட வேண்டியது கோடரியைத்தான். சமையல் கேஸ் அடுப்பில் என்றால் ரம்பமும் வேண்டாம். கயிறு, பாக்கெட், காய்கறி எல்லாவற்றுக்கும் 60 கிராம் மடக்குக் கத்தி ஒன்றே தாராளம்.

தீ மூட்டுவதாக இருந்தால் ரம்பத்தோடு மடங்காத கத்தி ஒன்றை எடுங்கள். அலகு 10 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ. இருந்தால் போதும், உறையோடு 120 கிராம் வாக்கில்தான் வரும். மணிக்கட்டுப் பருமன் கட்டையை ரம்பம் அறுத்துவிடும், சிராய்களைக் கத்தி சீவிவிடும்.

விறகு பிளக்கும்போது கத்தி மடங்கியது என்கிறீர்களே, பெரும்பாலும் அதன் முதுகில் கட்டையால் தட்டியிருப்பீர்கள். அந்த அடி முழுக்க அச்சாணியிலும், விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் லாக்கிலும்தான் இறங்கும். எவ்வளவு நல்ல மடக்குக் கத்தியானாலும் இதற்கு ஆகாது.

லாக் இன்னும் பிடிக்கிறதா என்று பாருங்கள். அலகை முழுக்க விரித்து, அது மடங்கும் பாதையில் விரல் படாமல் பிடித்து, முதுகைப் பலகையில் மெல்ல அழுத்துங்கள். நழுவினால் இடுக்கில் மணலோ பிசினோ சிக்கியிருக்கலாம். கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போதும் நழுவினால் அந்தக் கத்தியை நம்பாதீர்கள்.

விமானப் பயணம் என்றால் இவை செக்-இன் பையில்தான் போக வேண்டும். லாக் உள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பதே சில நாடுகளில் குற்றம். போகும் இடத்துச் சட்டத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.